கவிழ்ந்த கோப்பை, தொங்கும் தோல்: நெதர்லாந்தில் ஸ்டில் லைஃப் பார்க்கப் போகிறவர்களுக்கு

செவ்வாய், ஹார்லெம்

ஸ்டில் லைஃப், அதாவது மேசைமேல் வைத்த உணவு, பாத்திரம், பூ போன்ற அசையாப் பொருள்களை வரைந்த ஓவியங்களைப் பார்க்க நான்கு நாள் பயணம் இது. அதைத் திங்கட்கிழமை தொடங்காததற்குக் காரணம் இருக்கிறது. ஹார்லெமில் உள்ள ஃபிரான்ஸ் ஹல்ஸ் மியூசியத்துக்கும் லைடனில் உள்ள லாக்கன்ஹாலுக்கும் திங்கள் விடுமுறை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் தினமும் காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும், ஆனால் நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். அதனால் செவ்வாய் ஹார்லெம், புதன் ஆம்ஸ்டர்டாம், வியாழன் லைடன், வெள்ளி தி ஹேக் என்று போட்டுக்கொள்வது வசதி. ஊருக்கு ஊர் ரயிலில் அரை மணி, அதிகம் போனால் ஒரு மணி நேரம்.

கையில் இருக்க வேண்டிய ஒரே கருவி, இரண்டு மீட்டர் தூரத்துக்குள்ளும் ஃபோகஸ் ஆகும் சின்ன பைனாகுலர். இந்த ஓவியங்களில் பாதி விஷயம் கத்திப் பிடியிலும் கண்ணாடி வளைவிலும் கோப்பை மூடியிலும் ஒளிந்திருக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வெறும் கண்ணால் பார்த்தால் அது பிடிபடாது. டார்ச் அடித்தால் காவலர் வந்துவிடுவார்.

ஃபிரான்ஸ் ஹல்ஸ் மியூசியம் இருக்கும் கட்டடம் 1609-ல் முதியோர் இல்லமாகக் கட்டப்பட்டது. பெயர் என்னவோ உருவப்பட ஓவியருடையது. ஆனால் சாப்பாட்டு மேசையைத் தனி ஓவிய வகையாக வளர்த்தெடுத்த ஊரும் இதுதான். இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஃபுளோரிஸ் வான் டைக் 1613-ல் வரைந்த மேசை. பாலாடைக்கட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. சுற்றிலும் பழமும் கொட்டைகளும். பார்வைக் கோணத்தைக் கவனியுங்கள். மேசையை மேலிருந்து பார்ப்பதுபோல் சாய்த்துக் காட்டியிருக்கிறார். எந்தப் பொருளும் இன்னொன்றை மறைக்காமல் தனித்தனியாக நிற்கிறது.

பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து அதே ஊரில் பீட்டர் கிளாஸும் வில்லெம் கிளாஸ் ஹேடாவும் வரைந்தவற்றில் கண்மட்டம் கீழே இறங்கிவிடுகிறது. பொருள்கள் குறைகின்றன, ஒன்றையொன்று மறைக்கின்றன, மேசை ஒரு பக்கம் கனத்தும் மறுபக்கம் காலியாகவும் கிடக்கிறது. நிறமும் சாம்பல், பழுப்பு, மங்கிய பச்சை என்று ஒடுங்குகிறது. ஓவியத்தில் ஆண்டு எழுதியிராவிட்டாலும் இந்த இரண்டு அடையாளங்களை வைத்துப் பத்தாண்டு முன்பின்னாகக் காலம் சொல்லிவிடலாம்.

குறியீடு பார்ப்பதற்கும் இந்த மாற்றம்தான் சாவி. வான் டைக் மேசையில் எல்லாம் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கிறது. விருந்து இனிமேல்தான் தொடங்கும். ஹேடா மேசையில் யாரோ சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். வெள்ளித் தட்டுக்கோப்பை (தண்டின்மேல் தட்டையான கிண்ணம் வைத்த கோப்பை) சாய்ந்து கிடக்கிறது, துணி கசங்கியிருக்கிறது, எலுமிச்சைத் தோல் சுருளாக மேசை விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது, கத்திப் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ‘இந்தப் பொருளுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டுக்கொண்டு போனால் இங்கே வழி தவறிவிடும். அது எந்த நிலையில் கிடக்கிறது, பக்கத்தில் எது இருக்கிறது, எங்காவது எழுத்து இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே அர்த்தத்துக்குப் போகலாம்.

எலுமிச்சையையே எடுத்துக்கொள்வோம். பார்க்க அழகு, கடித்தால் புளிப்பு, ஆகவே போலிக் கவர்ச்சி என்று கையேடுகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் அன்றைய மேசையில் சிப்பிமேல் பிழிவதற்கும் எலுமிச்சை வேண்டும், ஒயினில் போடவும் வேண்டும். ஓவியருக்கோ அது ஒரு பரீட்சை. மேல்தோலின் சொரசொரப்பு, உள்தோலின் மங்கிய வெண்மை, சுளையின் ஈரப் பளபளப்பு என்று மூன்று பரப்புகளை ஒரே பழத்தில் காட்டிவிடலாம். மேல்தோலுக்கு ஈய-வெள்ளீய மஞ்சளைத் தடிப்பாக வைத்துத் தூரிகை நுனியால் புள்ளி குத்துவார்கள். சுளைக்கு மெல்லிய ஒளிபுகு பூச்சு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் தோலின் மேடுபள்ளம் நிழல் விழும் அளவுக்கு எழுந்து நிற்பது தெரியும். பக்கத்தில் மண்டை ஓடோ கடிகாரமோ இல்லாத எலுமிச்சையை எலுமிச்சையாகவே விட்டுவிடலாம் என்பது எங்கள் கட்சி.

ரூமர் எனப்படும் பச்சைக் கண்ணாடிக் கோப்பையிலும் இதே சிக்கல் உண்டு. அதன் தடித்த தண்டில் ஒட்டியிருக்கும் பழம்போன்ற குமிழ்கள் அலங்காரம் மட்டுமல்ல, எண்ணெய்க் கை வழுக்காமல் இருக்கவும்தான். கோப்பை வளைவில் ஜன்னல் பிரதிபலிக்கும். ஜன்னல் சட்டம் குறுக்கும் நெடுக்கும் இருப்பதால் அது சிலுவையாகத் தெரிகிறது. அதை வைத்து மதப் பொருள் எழுதியவர்கள் ஏராளம். ஓவியக்கூடத்தில் ஜன்னல் இருந்தது, அதில் சட்டம் இருந்தது. வேறு சான்று கிடைக்காதவரை அதற்கு மேல் போக வேண்டாம்.

கிளம்புமுன் ஒரு வரி டூலிப் பற்றி. டூலிப் கிழங்கு வியாபாரம் சரியத் தொடங்கியது இதே ஹார்லெமில், 1637 பிப்ரவரி தொடக்கத்தில். ஏலத்துக்கு வந்தவர்கள் விலை கேட்காமல் நின்றுவிட்டார்கள். ஆனால் டூலிப்பைப் பார்த்துச் சிரிக்க டச்சுக்காரர்கள் அந்தச் சரிவுக்காகக் காத்திருக்கவில்லை. 1614-ல் ரூமர் விஸ்ஸர் என்ற டச்சு எழுத்தாளர் வெளியிட்ட, படமும் அதற்கொரு நீதி வாசகமுமாக அமைந்த புத்தகத்திலேயே டூலிப் படத்துக்கு மேல் ‘முட்டாளும் அவன் காசும் சீக்கிரம் பிரிந்துவிடும்’ என்ற கருத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. அதே புத்தகத்தில் கடல் சங்குகள் வாங்குகிறவர்களுக்கும் ஒரு குத்து உண்டு. ஆக, 1630-க்கு முந்தைய ஓவியத்தில் டூலிப்பும் சங்கும் சேர்ந்து வந்தாலும் ‘வீண் செலவு’ என்று படிப்பதற்கு அந்தக் காலத்து ஆதாரம் இருக்கிறது. எலுமிச்சைக்கு இந்த அளவு கெட்டியான ஆதாரம் இல்லை.

புதன், ஆம்ஸ்டர்டாம்

ரைக்ஸ்மியூசியத்தில் எல்லாரும் ரெம்பிராண்ட் பக்கம் போவார்கள். போகட்டும். இந்தப் பயணத்துக்கு இங்கே முக்கியமான படம் ஒன்று. அரை மீட்டர் அகலம்தான், வட்ட வடிவம். யோஹன்னஸ் டொரென்டியஸ் 1614-ல் வரைந்தது. காட்சி அறைகள் அவ்வப்போது மாறும். நுழைந்ததும் தகவல் மேசையில் கேட்டுவிடுங்கள். உயர்தரப் படங்களை மியூசியம் தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது, முந்தின இரவே பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனால் நேரில் எதைத் தேடுவது என்று தெரியும்.

படத்தில் இருப்பவை கொஞ்சம்தான். ஒரு பக்கம் ஒயினுக்கான உலோகக் குடுவை, மறுபக்கம் தண்ணீருக்கான மண்ஜாடி, நடுவில் ஒரு கண்ணாடிக் கோப்பை. முன்னால் புகைக்குழாய்களும் ஒரு தாளும். மேலே இருட்டில் இன்னும் ஏதோ தொங்குகிறது. முதல் பார்வையில் அது என்னவென்றே பிடிபடாது. கண் பழகியதும் அது குதிரையின் கடிவாளம் என்று தெரியும். இப்போது எல்லாம் கோத்துக்கொள்கிறது. ஒயினில் தண்ணீர் கலப்பது மிதத்தின் பழைய அடையாளம், கடிவாளமும் அதே. தாளில் இசைக் குறிப்பும் அதன் கீழே டச்சில் ஒரு வாசகமும்: அளவை மீறி நிற்பது அளவின்மையாலேயே கெட்டு அழியும் என்ற பொருளில். நிலை, துணை, எழுத்து மூன்றும் ஒரே திசையில் கைகாட்டுவதற்கு இதைவிடத் துல்லியமான படம் கிடைப்பது அரிது. குறியீடு படிக்கப் பழகுகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் இங்கே விடை படத்திலேயே எழுதியிருக்கிறது.

மிதத்தைப் பாடிய இதே ஓவியரை 1627-ல் ஹார்லெமில் தெய்வநிந்தனைக்காகப் பிடித்துச் சித்திரவதை செய்து, 1628-ல் இருபது ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். அவர் கலையை விரும்பிய இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தலையிட்டு 1630-ல் வெளியே எடுத்தார். இந்தப் பலகையும் மன்னரின் சேகரிப்பில் இருந்ததுதான். பின்புறம் அவர் முத்திரை சூடுபோடப்பட்டிருக்கிறது. பிறகு காணாமல் போய், 1913-ல் கண்டெடுக்கப்பட்டபோது உலர்திராட்சைப் பீப்பாய்க்கு மூடியாக இருந்தது என்பார்கள். வட்ட வடிவம் அதற்குத் தோதாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்து பீட்டர் கிளாஸ் 1627-ல் வரைந்த வான்கோழிப் பை (pie). மாவுப் பெட்டிக்குள் இறைச்சி வைத்துச் சுட்டு, மேலே நிஜ வான்கோழியின் தலையும் சிறகும் பொருத்தியிருக்கிறார்கள். வான்கோழி அமெரிக்காவிலிருந்து வந்த பறவை. பக்கத்தில் நாட்டிலஸ் சங்கால் செய்த கோப்பை, அது கிழக்குக் கடல்களின் சரக்கு. சீனப் பீங்கான் கிண்ணம். அச்சடித்த தாளைச் சுருட்டிய பொட்டலத்தில் மிளகு. மிளகைக் கண்டதும் நமக்கு மலபார்தான் ஞாபகம் வரும். ஆனால் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தது 1663-ல். 1627-ன் மிளகு பெரும்பாலும் சுமத்ரா, ஜாவாவின் பண்டென் பக்கத்துச் சரக்கு. பீங்கானுக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. சாந்தா கதரினா என்ற போர்ச்சுக்கீசியக் கப்பலை 1603-ல் டச்சுக்காரர்கள் கைப்பற்றி, சரக்கை அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார்கள். வடக்கு ஐரோப்பாவில் சீனப் பீங்கானுக்குப் பித்து ஏறியதில் அந்த ஏலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த மேசை ‘எல்லாம் அழியும்’ என்கிறதா, ‘பார் என் செல்வத்தை’ என்கிறதா? இதில் ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளாக இரண்டு பட்டிருக்கிறார்கள். 1976-ல் இதே ரைக்ஸ்மியூசியத்தில் எடி டி யோங் முன்னின்று நடத்திய கண்காட்சி, டச்சு ஓவியங்களின் அன்றாடக் காட்சிகளுக்குள் நீதி ஒளிந்திருக்கிறது என்ற வாசிப்பை ஊன்றியது. 1983-ல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் அதை மறுத்து, இவர்கள் உலகைக் கண்ணால் அறிந்து விவரிக்கவே வரைந்தார்கள் என்று வாதிட்டார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் நமக்கு இல்லை. டொரென்டியஸில் முதல் கட்சி ஜெயிக்கிறது. வான்கோழிப் பையில் நீதி சொல்லும் வாசகமும் இல்லை, மண்டை ஓடும் இல்லை. இரண்டாவது கட்சிக்கு வாக்களிக்கலாம்.

ஹேடாவின் 1635 ஓவியத்தில் பொன்முலாம் பூசிய கோப்பை நிமிர்ந்து நிற்க, வெள்ளித் தட்டுக்கோப்பை கவிழ்ந்து கிடக்கிறது, நடுவில் சிப்பிகள். கவிழ்ந்த பாத்திரத்துக்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. நிமிர்ந்து நிற்கும் தட்டுக்கோப்பையில் விளிம்பு மட்டும்தான் தெரியும். சாய்த்துவிட்டால் அடிப்பாகம், தண்டு, கிண்ணம் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும், மூன்று விதமாக வெளிச்சத்தைத் திருப்பும். நிலையாமையும் கைத்திறனும் ஒரே அசைவில் கைகூடுகின்றன.

இங்கேயே பீட்டர் கிளாஸின் 1628 வானிடாஸும் (நிலையாமையை நினைவூட்டும் ஸ்டில் லைஃப் வகை) இருக்கிறது, காலில் தைத்த முள்ளை எடுக்கும் சிறுவனின் சிலைவார்ப்போடு. மண்டை ஓடு, எலும்பு, லூட் என்ற தந்தி வாத்தியம், கவசம், வண்ணத்தட்டு, புத்தகங்கள். வீரம், கல்வி, கலை எல்லாவற்றையும் மண்டை ஓட்டின் வரிசையில் வைத்துவிட்டார். ஓவியர் தன் வண்ணத்தட்டையும் விட்டுவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வெளியே வருமுன் ஆட்ரியன் கோர்ட்டேயின் 1697 அஸ்பாரகஸ் கட்டு. 25 சென்டிமீட்டர் உயரம். கல் விளிம்பில் ஒரே ஒரு கட்டு, பின்னால் கறுப்பு. துணைப் பொருள் இல்லை, எழுத்து இல்லை, எதுவும் கவிழவில்லை. இதற்கும் குறியீடு சொல்லிவிடுகிற வழிகாட்டிகள் உண்டு. காது கொடுக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

வியாழன், லைடன்

பல்கலைக்கழக ஊர், பல்கலைக்கழகம் தொடங்கியது 1575-ல். ஓவியங்களில் உணவு குறைந்து புத்தகம் கூடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கந்தலான புத்தகக் குவியலும் மண்டை ஓடும் இந்த ஊரின் தனிச்சரக்கு.

காலையில் முதலில் பூர்ஹாவே என்ற அறிவியல் வரலாற்று மியூசியம் போவது நல்லது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்த உடற்கூறு அரங்கின் மறுவடிவம் அங்கே இருக்கிறது. நடுவில் அறுவை மேசை, சுற்றி வட்ட வட்டமாக ஏறும் படிகள், படிகளில் எலும்புக்கூடுகள். எலும்புக்கூடுகளின் கையில் கொடிகள். கொடிகளில் சாவை நினை, நாம் தூசியும் நிழலும் என்பதுபோல் லத்தீன் வாசகங்கள். பிணம் அறுக்காத மாதங்களில் ஊர்மக்கள் இதை வேடிக்கை பார்க்க வந்தார்கள். எலும்பும் அதன் மேல் ஒட்டிய வாசகமுமாக யோசிக்கிற பழக்கம் லைடன்காரர்களுக்கு ஓவியத்தில் மட்டும் இருந்ததல்ல என்பது இங்கே நின்றால் விளங்கும்.

நடந்து போகும் தூரத்தில் லாக்கன்ஹால், பழைய துணிவணிகக் கூடம். டேவிட் பாய்லியின் 1651 ஓவியத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏறக்குறைய 90-க்கு 122 சென்டிமீட்டர். இடது ஓரத்தில் ஒரு இளைஞன், கையில் தூரிகைக் கையைத் தாங்கும் கோல். மறுகை மேசைமேல் ஒரு நீள்வட்ட உருவப்படத்தை நிறுத்திப் பிடித்திருக்கிறது. அதில் இருப்பவர் நடுவயது கடந்த பாய்லி. மேசையில் மண்டை ஓடு, மணற்கடிகாரம், அணைந்த மெழுகுவத்தியிலிருந்து எழும் புகை, சாய்ந்த கோப்பை, காசுகள், முத்துமாலை, ரோஜாக்கள், புகைக்குழாய், சிற்பங்கள். காற்றில் சோப்புக் குமிழிகள். வலது பக்கம் விளிம்பில் தொங்கும் தாளில் லத்தீனில் பைபிளின் பிரசங்கி நூல் வசனம்: மாயை, மாயை, எல்லாம் மாயை.

இவ்வளவு பொருள்களை ஒன்றொன்றாகப் பட்டியல் போட்டால் தலை சுற்றும். மூன்று கூடைகளாகப் பிரியுங்கள். முதலாவது, மனிதன் பிடித்துக்கொள்பவை: காசு, நகை, புத்தகம், கலை, இசை, புகையிலை. இரண்டாவது, காலம் தின்பதைக் காட்டுபவை: மண்டை ஓடு, மணல், புகை, குமிழி, உதிரும் பூ. மூன்றாவது, மீட்சியைச் சொல்பவை: தானியக் கதிர், ஐவிக்கொடி, மண்டை ஓட்டின்மேல் லாரல் இலைச் சரம். எந்த வானிடாஸ் ஓவியத்தையும் இப்படிப் பிரித்துவிட்டு எந்தக் கூடை கனக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது கூடை பெரும்பாலும் காலியாக இருக்கும். ஒரு கதிராவது தென்பட்டால் படத்தின் பேச்சே மாறிவிடும். அதனால் எலும்புகளை விட்டுவிட்டு முதலில் இலைதழையைத் தேடுவது நல்ல பழக்கம். ஒரே பொருள் இரண்டு கூடைக்கும் போகலாம்: புகைக்குழாய் இன்பமும்தான், ‘என் நாட்கள் புகையைப்போல் ஒழிந்தது’ என்ற பைபிள் சங்கீத வரியும்தான்.

பாய்லியின் சூட்சுமம் காலத்தைத் திருப்பிப் போட்டதில் இருக்கிறது. 1651-ல் அவருக்கு அறுபதுகளின் பின்பாதி. சதையும் ரத்தமுமாக உட்கார்ந்திருக்கும் இளைஞன் இறந்தகாலம். வெறும் படமாக மேசையில் இருப்பவர்தான் நிகழ்காலத்துக்குப் பக்கத்தில். அந்த இளைஞன் பாய்லியேதானா என்பதில் எல்லாரும் ஒத்துப்போவதில்லை. ஆனால் யாராக இருந்தாலும் தர்க்கம் நிற்கிறது: உயிருள்ள உருவம், படமான உருவம், மண்டை ஓடு என்று ஒரே முகத்தின் மூன்று நிலைகள். சுவரில் தொங்குவது ஃபிரான்ஸ் ஹல்ஸின் லூட் வாசிப்பவனின் நகல். செவ்வாயன்று விட்டுவந்த ஊர் ஓவியர் இங்கே இன்னொருவர் படத்துக்குள் சாமானாகிவிட்டார்.

வெள்ளி, தி ஹேக்

மவுரிட்ஸ்ஹாய்ஸ் சின்ன மாளிகை. இரண்டு மணி நேரம் போதும். திங்கட்கிழமைகளில் மதியம் 1 மணிக்குத்தான் திறக்கும், மற்ற நாள் 10 மணி.

பீட்டர் கிளாஸின் 1630 வானிடாஸ் நேற்றைய பாய்லிக்கு நேர் எதிர். பொருள்கள் கொஞ்சம்தான், முக்கியமானவை மண்டை ஓடு, கவிழ்ந்த ரூமர், எரிந்து தீர்ந்த திரி, நீலநாடா கட்டிய கடிகாரம். கடிகாரத்தை பைனாகுலரில் பாருங்கள். அந்தக் காலப் பைக்கடிகாரங்களில் பெரும்பாலும் மணி முள் ஒன்றுதான். சமநிலைச் சக்கரத்துக்குச் சுருள்வில் பொருத்தும் உத்தியை 1675-ல் கிறிஸ்டியான் ஹாய்கென்ஸ் வெளியிட்ட பிறகுதான் நிமிட முள்ளுக்கு வேலை வந்தது. ஆகவே ஓவியத்துக் கடிகாரத்தில் இரண்டு முள் தெரிந்து, ஆண்டு அதற்கு முந்தையதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பிற்காலக் கை பட்டிருக்கலாம்.

அம்புரோசியஸ் பொஸ்கார்ட் சுமார் 1618-ல் வரைந்த ஜன்னல் பூச்சாடி பக்கத்திலேயே ஈர்க்கும். டூலிப்பும் ரோஜாவும் ஒரே கண்ணாடியில். தோட்டத்தில் இவை ஒரே வாரத்தில் பூப்பதில்லை. ஓவியர்கள் ஒவ்வொரு பூவையும் அதன் பருவத்தில் தனித்தனியாக வரைந்துவைத்து, பிறகு சேர்த்தார்கள். ஒரே பூவின் வடிவம் வேறொரு படத்திலும் அப்படியே வருவது இதனால்தான். விளிம்பில் சங்குகள் வேறு. விஸ்ஸரின் புத்தகத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பூ ஓவியங்களில் மாட்டிக்கொள்ளும் இடம் நிறம். இலைகள் நீலமாகத் தெரிந்தால் அதில் மர்மம் தேட வேண்டாம். நீலத்தின்மேல் தாவர மஞ்சளைப் பூசிப் பச்சை வரவழைத்தார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறி, அடியில் இருந்த நீலம் தங்கிவிட்டது. சிவப்புச் சாயம் வெளுத்து ரோஜா வெள்ளையாகும். செம்புப் பச்சை பழுப்பாகும். வார்னிஷ் மஞ்சளித்து வெள்ளைத் துணியை அழுக்காகக் காட்டும். ‘வெள்ளை ரோஜா, ஆகவே கன்னிமை’ என்று எழுதுமுன் இதழ் மடிப்பின் ஆழத்தையும் சட்டத்துக்கு அடியில் மறைந்த ஓரத்தையும் பாருங்கள். அங்கே இளஞ்சிவப்பு மிச்சம் இருந்தால் அது சிவந்த ரோஜாவாக இருந்ததுதான்.

கிளாரா பேட்டர்ஸின் பாலாடைக்கட்டி, பாதாம், பிரெட்செல் ஓவியம் சுமார் 1615-ல் வரையப்பட்டது. மியூசியம் 2012-ல் வாங்கியது. 35-க்கு 50 சென்டிமீட்டர்கூட இல்லை. பாலாடைக்கட்டிக் குவியலின் உச்சியில் ஒரு தட்டு, அதில் சுருள் சுருளாகச் சீவிய வெண்ணெய். பாலாடைக்கட்டியோடு வெண்ணெயும் சேர்த்துத் தின்பது பிசாசின் வேலை என்று டச்சில் ஒரு சொலவடை உண்டு, ஊதாரித்தனத்தைக் கண்டிப்பது. அதனால் இது கண்டனம் என்கிறார்கள் சிலர். நாட்டின் பால்வளத்தைப் பெருமையாகக் காட்டுகிறது என்கிறார்கள் வேறு சிலர். படத்தில் எதுவும் கவிழவில்லை, எதுவும் அணையவில்லை. பெருமைதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

முன்னால் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளிக் கத்தி, திருமணப் பரிசாகக் கொடுக்கப்படும் வகை. அதில் செதுக்கியிருப்பது ஓவியரின் பெயர். கையெழுத்தை அங்கேயே போட்டுவிட்டார். அடுத்து ஜாடியின் உலோக மூடியைப் பாருங்கள். கொஞ்சம் குனிந்து, விளக்கின் பளபளப்பு மறையும் கோணம் கிடைக்கும்வரை நகர வேண்டும். மூடி வளைவில் தலைத்துணி அணிந்த ஒரு பெண் முகம், அரிசி அளவு. பேட்டர்ஸ் தன்னையே இப்படிக் குறைந்தது எட்டு ஓவியங்களில் பளபளப்பான பாத்திரங்களுக்குள் வைத்திருக்கிறார். அவருடைய எந்த ஓவியம் எந்த ஊரில் எதிர்ப்பட்டாலும் கோப்பைப் புடைப்புகளையும் குடுவை மூடிகளையும் முதலில் சோதித்துவிட்டுப் பிறகு பழங்களுக்கு வாருங்கள்.